கருப்பு வி நெக், ஒரு பீஸ்

என் மேசை இழுப்பறையில் ரோஸ் நிறத் தாள் ஒன்று கிடக்கிறது. பனியன் கம்பெனிகளில் சரக்கை ஏற்றுமதிக்கு அனுப்புமுன் தரம் பார்ப்பவர்கள் எழுதும் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டின் கார்பன் நகல் அது. எழுத்து மங்கிவிட்டது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்தான் படிக்க முடிகிறது. ஸ்டைல் என்ற இடத்தில் ‘கரடி’. கலர், கருப்பு. நெக், வி நெக், வெள்ளை. சைஸ் கட்டத்தில் பெரியது ஒரு பீஸ், சிறியது ஒரு பீஸ். குறையின் தன்மை, கிரிட்டிக்கல். முடிவு, ஹோல்டு, அதாவது அனுப்பாமல் நிறுத்திவைக்கவும். கீழே இடது மூலையில் கியூ.சி. இன்சார்ஜின் கையெழுத்து இருக்கிறது. வலது மூலையில் மெர்ச்சண்டைசர் கையெழுத்துப் போடவேண்டிய கோடு காலியாக இருக்கிறது. ஆர்டரைப் பேசி வாங்கி அனுப்பிவைக்கும் அந்த மெர்ச்சண்டைசர் நான்தான். பன்னிரண்டு வருடமாக இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டிருக்கிறேன்.

அதை எழுதியவர் தெற்கத்திக்காரர் என்பதால் எங்கள் கம்பெனியில் முதலாளி முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. இப்படி ஒரு மனிதரோடு வேலை பார்த்தவர்களுக்குத்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். லாரி வந்து வாசலில் நிற்கும். பெட்டிகளை ஒட்டி முடித்திருப்பார்கள். அண்ணாச்சி ஒரு பெட்டியைப் பிரித்து, ஒரே ஒரு பீஸை எடுத்து, சன்னல் வெளிச்சத்தில் விரித்து, கழுத்து ரிப்பின் நிறம் உடம்புத் துணியோடு சேரவில்லை என்பார். எனக்குச் சேர்ந்த மாதிரிதான் தெரியும். முதலாளிக்கும் அப்படித்தான் தெரியும். “எனக்குச் சேரலியேம்மா, நான் என்ன செய்ய?” என்று ஹோல்டு எழுதிவிட்டுப் போய்விடுவார். அதன்பின் வெளிநாட்டு பையரிடம் போனில் கெஞ்சுவது என் வேலை. சண்டை போட்டாலும் அவருக்கு உறைக்காது. கழுத்தில் இஞ்ச் டேப் தொங்க, ஃபிளாஸ்க்கிலிருந்து கடுங்காப்பியை ஊற்றிக் குடித்துக்கொண்டே, “அடுத்தவன் வந்து சொல்லுறதுக்கு முன்னாடி நாமளே சொல்லிட்டா மரியாதைல்லா” என்பார். அந்த மரியாதையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆற்றுப் பயணம் என்ற ஒன்றைக் கம்பெனியில் ஆரம்பித்ததும் நான்தான். மடத்துக்குளம் தாண்டி மலையடிவாரத்துக்குப் போனால், காட்டுக்குள் ஓடும் ஆற்றைப் பரிசலில் கடந்து, அக்கரையில் கொஞ்ச தூரம் நடந்து, பாறைகளுக்கு நடுவே குளித்துவிட்டு வரலாம். செக்போஸ்ட்டில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். திரும்பும்போது யானையோ, காட்டெருமையோ, கரடியோ எதைப் பார்த்திருந்தாலும் அங்குள்ள நோட்டில் எழுதவேண்டும். அடுத்து வருகிறவர்களை எச்சரிப்பதும், ஆபத்து என்றால் சில நாள் பரிசலை நிறுத்திவைப்பதும் அந்த நோட்டைப் பார்த்துத்தான். முதல் ஞாயிறு ஆபீஸ் ஆட்கள், அடுத்த ஞாயிறு தையல் லைன் பெண்கள் என்று நான் பிரித்திருந்தேன். லைன் பெண்களுக்கு இரண்டு மாதமாக இதே பேச்சுதான். யார் என்ன சுடிதார் போடுவது என்பதுவரை முடிவாகியிருந்தது.

அந்த முதல் ஞாயிறு, அண்ணாச்சி காலை ஆராதனையை முடித்துவிட்டு வெள்ளைச் சட்டையோடு நேராக வேனுக்கு வந்தார். கையில் ஃபிளாஸ்க், தோளில் ஆபீஸ் பை. காட்டுக்குப் போகிறவர் இஞ்ச் டேப்பைக் கழற்றியிருக்கவில்லை. முந்தைய நாள்தான் என்னுடைய ஆர்டர் ஒன்றை ஹோல்டு போட்டிருந்தார். வேனில் அவர் முகத்தையே நான் பார்க்கவில்லை. ஆற்றங்கரையில் பரிசலில் ஆறு பேர்தான் ஏறலாம் என்றார்கள். நாங்கள் எட்டுப் பேர். தையல் இன்சார்ஜும் மற்றவர்களும் முந்திக்கொண்டு ஏறிவிட்டார்கள். “நீங்க போங்க, நீங்க போங்க” என்று எல்லோருக்கும் வழிவிட்டு அண்ணாச்சி இக்கரையில் நின்றார். செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்ததால் நானும் அவரோடு மாட்டிக்கொண்டேன். பரிசல் பாறை வளைவைத் தாண்டி மறைந்துவிட்டது.

அப்போது எங்களுக்கு மேல்பக்கம், புற்று மேடு ஒன்றிலிருந்து மண் சரிந்தது. கரடி இறங்கி வந்தது. முதுகில் ஒரு குட்டி மயிரைப் பிடித்துத் தொற்றிக்கொண்டிருந்தது. எங்கள் கரையிலேயே, நாங்கள் நின்ற மணலிலேயே தண்ணீருக்கு வந்து, குனிந்து, உறிஞ்சிக் குடித்தது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. குடித்துவிட்டுத் தலையைத் தூக்கி மூக்கை ஆட்டியபோது நெஞ்சில் வெள்ளையாக வி வடிவப் பட்டை தெரிந்தது. நான் பக்கத்தில் எது கிடைத்ததோ அதைப் பிடித்துக்கொண்டு, மூச்சுவிடாமல் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அது திரும்பி, வந்த மேட்டிலேயே ஏறிப் புதருக்குள் போய்விட்டது. “எட்டு செக்கிங் டேபிள் தூரம்” என்றார் அண்ணாச்சி மெல்ல. அந்த நேரத்திலும் மனிதர் அளந்திருக்கிறார்.

அக்கரைக்குப் போய் இறங்கியதும் அவர் சொன்னார். தையல் இன்சார்ஜ் குண்டடத்துக்காரர். வாய்க்குள் இருந்த முறுக்கைக் கடித்து முடித்துவிட்டு, “ஏனுங்கண்ணாச்சி, காட்டுக்குள்ள வந்துமா கரடி உடறீங்க?” என்றார். அவ்வளவுதான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எங்கள் மொழியில் கரடியைப் பார்த்தவனுக்கு வேறு என்ன கதி? யானையைப் பார்த்தேன் என்றால் எங்கே என்று கேட்பார்கள். கரடியைப் பார்த்தேன் என்றால், சொல்லி முடிப்பதற்குள் அவன் விடுகிறவன் ஆகிவிடுகிறான். அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். நான் தண்ணீரில் கால் நனைக்கப் போய்விட்டேன்.

செக்போஸ்ட்டில்தான் நான் செய்யக்கூடாததைச் செய்தேன். அண்ணாச்சி நோட்டைக் கேட்டார். அங்கிருந்த காவலர் அதை எடுத்துக் கொடுப்பதற்குள் தையல் இன்சார்ஜ், “அவரு கரடி உடறாருங்க, நீங்க வேற” என்று காவலரிடம் கண்ணடித்தார். காவலரும் சிரித்தார். ஆனாலும் கடமைக்காக, “ஒருத்தர் பாத்தா ‘கேள்விப்பட்டது’ன்னுதானுங்க எழுதோணும். இன்னொருத்தர் சொன்னாத்தான் ‘பார்த்தது’. கூட இருந்தவங்க யாருங்க?” என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ‘பார்த்தது’ என்று எழுதினால் அடுத்த ஞாயிறு பரிசல் நிற்கும். லைன் பெண்கள் என்னைத்தான் கடித்துக் குதறுவார்கள். அதோடு கரடி அக்கா என்ற பெயர் எனக்கும் நிலைத்துவிடும். எல்லாவற்றையும்விட, என் ஆர்டரை நிறுத்தியவர் ஒரு நாளாவது நம்பப்படாமல் நிற்கட்டுமே என்ற அற்பப் புத்தி. “நான் போனைப் பாத்துட்டு இருந்தேனுங்க” என்றேன். அந்தக் காட்டில் சிக்னலே கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் கேட்கவில்லை.

அண்ணாச்சி ஆபீஸ் பையைத் திறந்து ரிப்போர்ட் புத்தகத்தை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்கு வருகிறவர் அதை ஏன் கொண்டுவந்தார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. வேன் பானெட்டில் வைத்து, கார்பன் தாள் சொருகி, அமுக்கி எழுதினார். வெள்ளைத் தாளைக் கிழித்துக் காவலரிடம் கொடுத்தார். ரோஸை என்னிடம் கொடுத்தார். மஞ்சளைத் தானே வைத்துக்கொண்டார். “கையெழுத்துப் போட்டுத் தாங்கம்மா, வெள்ளைலயும் போட்டுருங்க. அடுத்த வாரம் நம்ம லைன் பிள்ளைய எல்லாம் அதே மணல்லதான நிக்கும்” என்றார். “நாளைக்குப் பாக்கலாங்கண்ணாச்சி” என்று தாளை மடித்துக் கைப்பையில் போட்டேன்.

அடுத்த ஞாயிறு கூப்பிடாமலே வந்துவிட்டார். லைன் பெண்களில் ஒருத்தியையும் மணலில் நிற்கவிடவில்லை. எல்லோரும் வேனுக்குள் உட்காரவேண்டும். பரிசல் வந்து தொட்ட பிறகு ஆறு பேரை மட்டும் எண்ணி இறக்குவார். டிபன் பாக்ஸ் மூடியில் கரண்டியால் தட்டிக்கொண்டே அவர்களைத் தண்ணீர்வரை கூட்டிப்போவார். திரும்பவும் அப்படித்தான். பாதி நாள் வேனிலேயே போனது. குளிக்க அரைமணி நேரம்தான் கிடைத்தது. “லீவு நாள்லயும் செக்கிங் பண்ற மனுசன உங்க ஊர்ல கண்டிருக்கீங்களாக்கா?” என்று ஒருத்தி என்னிடம் அழாத குறையாகக் கேட்டாள். கரடி வரவில்லை. “எங்கீங்கண்ணாச்சி உங்க கரடி?” என்று அவர்கள் கேட்டதற்கு, “வரக் கூடாதுன்னுதான தட்டுனேன்” என்றார். வேனுக்குள் அவர்களோடு சேர்ந்து நானும் முணுமுணுத்தேன். ஆனால் அவர் வெளியே நிற்கிறார் என்பதால்தான் நான் பயமில்லாமல் உள்ளே உட்கார்ந்திருந்தேன். அதை அன்று யாரிடமும் சொல்லவில்லை.

திரும்பும்போது செக்போஸ்ட் காவலர் வேனை நிறுத்தி, சன்னல் பக்கம் வந்து, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார். “ஏனுங்க, அந்தப் பனியன் வந்துருச்சுங்களா? கருப்பு, பெருசு ஒண்ணு, சின்னது ஒண்ணுன்னு எழுதிக் குடுத்தீங்களே. சின்னது எம்பட பொண்ணுக்குச் சரியா இருக்கும்ங்க.” எங்கள் கம்பெனி அவருக்கு அன்பளிப்பு எழுதிக் கொடுத்திருப்பதாக மனிதர் ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறார். ஸ்டைல் பெயர் கரடி என்று நினைத்தாராம். கரடிப் படம் போட்ட பனியனாக இருக்கும் என்று பெண்ணிடம் வேறு சொல்லிவைத்திருக்கிறார்! அதைக் கேட்டு வேன் குலுங்கச் சிரித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை.

மறுமாதம் அவர் தனியாகப் பஸ் ஏறிப் போய், கருப்பு வி நெக் பனியன் பெரியது ஒன்றும் சிறியது ஒன்றும் காவலரிடம் கொடுத்து, “இப்பவாச்சும் நான் எழுதுனதைப் படிங்க” என்றிருக்கிறார். படித்துவிட்டுக் காவலர் நோட்டில் எழுதினாராம், ‘கரடி, கேள்விப்பட்டது’ என்று. இரண்டாவது ஆள் இல்லையே. அதை அண்ணாச்சி வந்து என்னிடம் சொன்னார். குற்றம்சாட்டும் குரலில் அல்ல, ஒரு லாட்டின் நிலவரத்தைச் சொல்கிற குரலில். “ரிப்போர்ட்டு பென்டிங்லதாம்மா நிக்கி” என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவருக்குக் கரடி அண்ணாச்சி என்ற பெயர் நிலைத்தது. அவர் ஹோல்டு போட்டால் தையல் லைனில் யாராவது ‘உர்ர்’ என்று உறுமுவார்கள். இரண்டு வருடம் அதைக் கேட்டுக்கொண்டே ஹோல்டு போட்டார். பிறகு முழங்கால் வலி என்று சொந்த ஊருக்குப் போய்விட்டார்.

போன மாதம் நான் அந்தக் கரையில் நின்றிருந்தேன். இப்போது நான் மேனேஜர். என்னிடம் நான்கு மெர்ச்சண்டைசர் பெண்கள் இருக்கிறார்கள். பரிசலில் அவர்களை முதலில் ஏற்றிவிட்டு, கடைசி ஆளாக நின்றேன். அதே மேட்டில் மண் சரிந்தது. கரடி இறங்கி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனது. முதுகில் குட்டி இல்லை. அக்கரையில் சொன்னேன். “மேடம்கூட கரடி உடறாங்கடி” என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. செக்போஸ்ட்டில் இப்போது நோட்டு இல்லை, போனில் பதிவு செய்கிறார்கள். புதிதாக வந்திருக்கும் காவலர், “போட்டோ இருக்குங்களா மேடம்? போட்டோ போட்டாத்தான் அடுத்த பக்கம் போகுமுங்க” என்றார். கரடி எதிரே நிற்கும்போது எவள் போட்டோ எடுப்பாள்? நான் பொய் சொல்வேனா, என் வயதென்ன, என் பதவியென்ன என்று கத்திவிட்டேன். அவர் மரியாதையாகச் சிரித்துக்கொண்டே நின்றார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு.

வீடு வந்ததும் அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். “அண்ணாச்சி, கரடி பாத்தேனுங்க” என்றேன். “வி நெக்குதான?” என்றார். ஆமாங்க என்றேன். குட்டி இல்லை என்றதும், “அது வளந்துருக்கும்லா” என்றார். இனி வாய்க்குள் வைத்திருக்க முடியாது என்று தோன்றியது. “அன்னைக்கு நானும் பாத்தேனுங்கண்ணாச்சி. முழுசாப் பாத்தேனுங்க.”

“தெரியும்மா” என்றார். “என் கையைல்லா பிடிச்சிருந்திய. உங்க நகம் பதிஞ்ச தடம் ரெண்டு நாளு கெடந்துச்சு.”

கையில் அந்தத் தடத்தோடுதான் அவர் வேன் பானெட்டில் வைத்து ரிப்போர்ட் எழுதியிருக்கிறார். காவலர் கேட்டபோது கையைக் காட்டியிருந்தால் போதும், நான் அங்கேயே மாட்டியிருப்பேன். காட்டவில்லை. ஏன் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் வேலை விஷயத்துக்கு வந்துவிட்டார். “மஞ்சக் காப்பி எங்கிட்ட இருக்கு. அந்த ரோஸ் காப்பில கையெழுத்துப் போட்டுக் கூரியர்ல அனுப்பிருங்க, முடிச்சிருவோம்.” அன்றைய தேதியையே போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். எல்லாக் கம்பெனியிலும் நடப்பதுதானே. “அதெப்படி? என்னைக்குக் கையெழுத்துப் போடுதியளோ அன்னைக்குத் தேதிதான் போடணும். பழைய தேதி போட்டா நான் ஹோல்டு பண்ணிருவேன்” என்றார். எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். பன்னிரண்டு வருடம் கழித்துக்கூட இந்த மனிதர் ஒரு தேதியை விட்டுக்கொடுக்க மாட்டார்!

இதோ, அந்த ரோஸ் தாளை இழுப்பறையிலிருந்து மேசைமேல் எடுத்து வைத்துவிட்டேன். இடது மூலையில் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. வலது மூலையில் இப்போதுதான் கையெழுத்துப் போட்டு, கீழே இன்றைய தேதியை எழுதினேன். கையெழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. அதையும் அவர் கண்டுபிடித்துவிடுவார்.