லத்தீன் தின்ற ஞாயிற்றுக்கிழமைகள்

ஈரக் காலுறையையும் ஆறிப்போன வடாபாவையும் ஒரே அறையில் வைத்துப் பூட்டினால் என்ன நாற்றம் வருமோ, அதுதான் எனக்கு லத்தீன். மழைக்காலத்து ஞாயிறு மாலைகளில், மராத்தி ஊரான நிக்டியில் எங்கள் வீட்டு எதிர்க் கட்டடத்து முதல் மாடியில், சன்னலைத் திறக்கவே விடாத ரோஹித் சார் என்ற ஆசாமி, எண்ணெய் விரலை என் புத்தகத்தின் ஓரத்தில் துடைத்துக்கொண்டே "ரட்டா மாரோ, ரட்டா!" என்று கத்துவார். 'ரட்டா' என்றால் பொருள் தெரியாமல் உருப்போடுவது. அவருக்குத் தெரிந்த ஒரே பாடமுறை அது. 'புயெல்லா' என்றால் சிறுமி. "புயெல்லா, புயெல்லாய்" என்று அந்தச் சிறுமியை ஐந்து வேற்றுமையிலும் இழுத்துத் துவைத்து, அப்படியே போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போவோம்.

எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு எதற்கு லத்தீன் என்று என்னைக் கேட்காதீர்கள். ஆகுர்டியில் கார் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்த என் அப்பாவைக் கேளுங்கள். கூட வேலை பார்த்தவரின் மகள் லத்தீன் வகுப்புக்குப் போனாள், பிறகு அவளுக்கு டாக்டர் சீட் கிடைத்தது. போதாதா? "எலும்பு, நரம்பு அத்தனைக்கும் பேரு லத்தீன்லதான் கண்ணு. பேரு தெரிஞ்சாப் பாதி டாக்டரு" என்பார், கோயமுத்தூர் நிதானத்தோடு. டாக்டராக எனக்கு விருப்பமா என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை.

எனக்கு வேண்டியிருந்தது 'தாஷா'. கணபதி ஊர்வலத்தில் கழுத்தில் மாட்டிக்கொண்டு, இரண்டு மெல்லிய குச்சிகளால் படபடவென்று அடிப்பார்களே, அந்தச் சின்ன மேளம். பள்ளிக் குழுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. பயிற்சியோ சரியாக லத்தீன் நேரத்தில். அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன். கடைசியில் அப்பா இறங்கி வந்தார்: "கணபதிப் பண்டிகை வரைக்கும் போ. அதுக்குள்ள மண்டையில ஏறலைன்னா நானே நிறுத்திப் போடறேன்."

ஏறவில்லை என்று காட்டினால் விடுதலை. காத்திருந்தேன்.

வீட்டில் கணபதி வைத்த அன்று தரிசனத்துக்கு வந்த அக்கம்பக்கமும் தொழிற்சாலை நண்பர்களும் கூடத்தில் உட்கார்ந்து கொழுக்கட்டையை மென்றுகொண்டிருந்தபோது, வந்தவர் முன் பிள்ளையை நிறுத்தி வித்தை காட்டவைக்கும் அந்த அருவருப்பான வழக்கப்படி அப்பா கூப்பிட்டார்: "அந்த லத்தீன் கொஞ்சம் சொல்லிக் காட்டு கண்ணு."

தப்பாகச் சொன்னால் இன்னும் படி என்பார்; கேலிக்கூத்தாக்கி மானத்தை வாங்கினால் அவரே நிறுத்திவிடுவார் என்று முடிவு செய்தேன். சமையலறையிலிருந்து ஓர் எவர்சில்வர் டப்பாவை எடுத்துவந்து கவிழ்த்துப்போட்டு, இரண்டு பென்சிலால் தாஷா அடி அடித்தபடி, தெருச்சண்டைக்காரி மாதிரி "புயெல்லா! புயெல்லாய்!" என்று தொண்டை கிழியக் கத்தி முடித்தேன்.

முதலில் ஒருவர் கைதட்டினார், பிறகு கூடமே தட்டியது.

"அடேங்கப்பா! மந்திரமாட்டம் இருக்குதுங்க!" என்றார் அப்பாவின் நண்பர் முருகேசன் மாமா. பக்கத்து வீட்டு மராத்தி ஆயி "கிதி ஹுஷார்!" என்று என் கன்னத்தை நெய்க்கையால் கிள்ளினாள், எவ்வளவு கெட்டிக்காரி என்று அர்த்தமாம்.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "தாளத்தோடவே ஏறிப்போச்சு பாருங்க! இன்னும் ரெண்டு வருசம் விடறதா இல்லை."

"அப்பா, நான் கிண்டல் பண்ணினேன்ப்பா!"

"அடக்கத்தப் பாருங்க" என்றார், முருகேசன் மாமாவிடம்.

குழுவில் அந்தத் தாஷா இடம் சாயலி என்ற பெண்ணுக்குப் போயிற்று. நான் இரண்டு வருடம் அந்தக் காலுறை நாற்றத்தில் வெந்தேன்.

இப்போது காமர்ஸ் முடிக்கப்போகிறேன். எந்த எலும்பும் என்னிடம் பெயர் கேட்டதில்லை. ரோஹித் சார் ஏதோ ஐடி கம்பெனிக்குப் போய்விட்டார். அந்த அறையில் நகத்துக்குச் சாயம் பூசுகிறார்கள். பிள்ளைகளின் படிப்பு கெடுகிறது என்று பெற்றோர்கள் சண்டை பிடித்ததில் பள்ளிக் குழுவையும் கலைத்துவிட்டார்கள். அதன் மேளங்கள் எங்கே போயின என்று கேட்டால், யாருக்கும் தெரியவில்லை.

நேற்று இரவு சாப்பிடும்போது அப்பா ஆசையாகக் கேட்டார்: "அந்த லத்தீன் ஏதாச்சும் ஞாபகம் இருக்குதா கண்ணு?"

"சுத்தமா இல்லப்பா."

பொய். இன்று காலை பல் தேய்க்கும்போதுகூட ஐந்து வேற்றுமையும் வரிசை தப்பாமல் வாயில் வந்து நின்றன. துப்பினேன்.