பாசாங் என்ற குரல்

நம்பாதவர்கள் என் வலது கணுக்காலை வந்து பார்க்கலாம். தழும்பு இன்னும் மறையவில்லை. இது நான் யாரிடமோ கேட்ட கதை இல்லை. போன வருடம் நவம்பரில், பாசிர் பெனம்பாங் ஆற்றங்கரையில் எனக்கே நடந்தது.

என் பெயர் திவாகரன். வெல்டிங் வேலை. எஸ்டேட்டில் வளர்ந்தவன். டிராக்டரில் இழுக்கும் வண்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். கடல் ஓதத்தில் ஆறு எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று மட்டும் எனக்குத் தெரியாது. அதற்கு எட்டு மாதத்துக்கு முன் நான் பற்றவைத்த டிரெய்லர் ஒன்று நடுரோட்டில் பிளந்து, பாவம், ஒருவர் காலை ஒடித்துவிட்டது. பிறகு யாரும் என்னைக் கூப்பிடவில்லை. ரவாங்கிலிருந்து சிவானந்தம் அண்ணன் மட்டும் நம்பி வந்தார்.

அவர் ஒரு சின்னப் பாய்மரப் படகு வாங்கியிருந்தார். டிரெய்லரைப் பழைய இரும்புக் கடையில் எடுத்திருந்தார். அது ஸ்பீட்போட்டுக்குச் செய்தது. பாய்மரப் படகுக்கு அடியில் மீன் துடுப்பு மாதிரி ஒரு பலகை நீட்டிக்கொண்டிருக்கும். அது இடிக்காமல் இருக்க நடுக் கம்பியை அறுத்து, இரண்டு பக்கமும் மரச்சட்டம் உயர்த்த வேண்டும். இதுவும் சொதப்பினால் என் பிழைப்பு அதோடு சரி.

கம்பியைப் பட்டறையிலேயே அறுத்துவிட்டேன். சட்டத்தைப் படகுக்கு அளந்துதான் முறுக்க முடியும். அதனால் சாயங்காலம் 6.40க்கு டிரெய்லரைப் படகு கிடந்த கரைச் சரிவில் பின்பக்கமாக இறக்கி, ஜாக்கி கொடுத்துத் தூக்கினோம்.

"தம்பி, நான் போயி டீ வாங்கிட்டு வந்துர்றேன். நீ பாசாங் பண்ணிக்கிட்டு இரு."

மாட்டுவது, பொருத்துவது எல்லாவற்றுக்கும் எங்களுக்கு அந்த மலாய் வார்த்தைதான். அண்ணன் கார் போய்விட்டது. நான் ஆற்றுப் பக்கம் தலை வைத்து, மல்லாந்து அடியில் நுழைந்தேன்.

7.05. பாங்கு ஓதி ஓய்ந்திருந்தது. சளக்... சளக்... யாரோ சேற்றில் நடந்து வந்தார்கள். அடியிலிருந்து பார்த்தால் பாதம் மட்டும்தான் தெரியும். மஞ்சள் ரப்பர் பூட்ஸ். அண்ணன்தான் என்று நினைத்தேன். கார் சத்தம் கேட்கவில்லையே என்றும் தோன்றியது.

"ஸ்... பாசாங்."

"பண்ணிக்கிட்டுத்தாண்ணே இருக்கேன். இன்னும் மூணு போல்ட்தான் லா."

பின்னந்தலை ஈரமாக இருந்தது. வியர்வை என்று நினைத்து முறுக்கிக்கொண்டே இருந்தேன்.

7.14. "ஸ்... பாசாங்."

இப்போது குரல் மறுபக்கத்திலிருந்து வந்தது. நடந்த சத்தமே கேட்கவில்லை. தலைவிளக்கைத் திருப்பினேன்.

இடது காலில்தான் பூட்ஸ். வலது கால் வெறுங்கால். நாள் முழுக்கத் துணி துவைத்த கைபோல வெளுத்துச் சுருங்கியிருந்தது.

அண்ணன் செருப்பல்லவா போட்டிருந்தார்...

தட்.

ஜாக்கி சேற்றில் சரிந்து, இரும்பு என் வலது பூட்ஸ் மேல் இறங்கியது. உயிர் போகும் வலி. அப்போதுதான் காதுக்குள் தண்ணீர் புகுந்தது. ஆறு ஏறிக்கொண்டிருந்தது.

"அண்ணே, தூக்குங்கண்ணே... யாராச்சும் வாங்க..."

அந்தக் கால்கள் அசையவில்லை.

7.22. தண்ணீர் கன்னத்துக்கு வந்தது. முனீஸ்வரனைக் கூப்பிட்டேன். அழுதேன். சாகப்போகிறேன் என்று தெரிந்துவிட்டது.

"ஸ்... பாசாங்."

இந்த முறை காதோரம்.

எதுவோ என் வலது பூட்ஸைப் பிடித்தது. பூட்ஸைத் தாண்டியும் ஜில்லிட்டது.

இழுத்தது.

நானும் இழுத்தேன்.

தோல் உரிந்தது...

பூட்ஸ் அங்கே. கால் என்னிடம்.

எப்படி ஊர்ந்து வெளியே வந்தேன் என்று தெரியாது. மணி 7.31. கரையில் யாரும் இல்லை. 7.40க்குத்தான் அண்ணன் டீயோடு வந்தார். பாலத்தில் டிராஃபிக் ஜாமாம்.

மறுநாள் தண்ணீர் வற்றியதும் டிரெய்லரைத் தூக்கினார்கள். என் பூட்ஸ் அங்கே இல்லை. இரும்புக் கடை சின்னையாவைப் போய்ப் பிடித்தோம். முதலில் மழுப்பிவிட்டுப் பிறகு சொன்னார்.

"அந்த டிரெய்லரை முன்னாடி வச்சிருந்தவரு அதே கரையில, அது அடியிலதான் மாட்டிக்கிட்டாரு. ஆறு ஏறிருச்சு. பொணத்தை எடுக்கும்போது ஒத்தை பூட்ஸுதான் இருந்துச்சாம். வலது கால் பூட்ஸு கெடைக்கவே இல்ல."

ஆறு ஏறுவதற்கும் மலாயில் பாசாங் என்றுதான் பெயர். அந்த மனிதர் என்னை எச்சரித்திருக்கிறார், போல்ட் புத்தியில் நான்தான் தப்பாக எடுத்துக்கொண்டேன் என்று மனம் ஆறியது. அவருக்காக வீட்டில் ஒரு விளக்குகூட ஏற்றினேன்.

என் மனைவி லோகேஸ்வரி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏங்க, ஒவ்வொரு தடவையும் முன்னால 'ஸ்'னு ஒரு சத்தம் கேட்டுச்சுன்னீங்களே?"

"ஆமா."

"அப்ப அவரு பாசாங்னு சொல்லலீங்க. செபாசாங். மலாயில ஒரு ஜோடின்னு சொல்லியிருக்காரு."

விளக்கை அணைத்துவிட்டேன். அவர் இழுத்துக்கொண்ட பூட்ஸின் ஜோடி, என் இடது பூட்ஸ், இன்னும் வாசலில்தான் கிடக்கிறது.