ஒற்றைக் கை அரோகரா

என் அக்கா மனோகரியைக் கட்டிய ஏரம்பு அத்தான் புளியங்கூடல்காரர். கலியாணம் முடிந்ததும், எங்கள் வழக்கப்படி, கரம்பொனில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். சாப்பாடும் படுக்கையும் இங்கே. உதைபந்தாட்டம் மட்டும் அங்கே. பிறந்த ஊருக்குத்தான் கோல் கீப்பராக நிற்பார்.

எண்பத்தைந்தாம் ஆண்டில் வெங்காய மூட்டை ஏற்றும்போது இடது தோள் பிசகியது. அதற்குப் பிறகு அந்தக் கை காதுக்கு மேலே எழும்பவில்லை. கோயிலில் எல்லாரும் இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்து ‘அரோகரா’ சொல்லும்போது அத்தான் தூணுக்குப் பின்னால் போய்விடுவார். எங்கள் அண்ணை கதிர்காமுதான் பின்னேரங்களில் அவருடைய விளையாட்டுச் சட்டையைத் தலைவழியே இழுத்துக் கழற்றி, நல்லெண்ணெய் சூடாக்கித் தோளில் தேய்த்துவிடுவார்.

“மச்சான், இது வெளியிலை போகக்கூடாது. தெரிஞ்சால் என்னை விளையாட விடாங்கள்.”

“எனக்கு இதைச் சொல்லவேணுமே? நான் ஆரிட்டைச் சொல்லப்போறன்?”

சமையலை விட்டுவிட்டு நான் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த சித்திரையில் இரண்டு ஊருக்கும் எங்கள் மைதானத்தில் போட்டி. பெண்கள் நாங்கள் வேலியோரப் பனைகளின் கீழ் நின்றோம்.

“மருமோனே, மாமி கோழி அடிச்சு வைச்சிருக்கிறா. நாலு கோலை விட்டிட்டுக் கெதியா வாரும்!” எங்கள் ஊர்க்காரர் கத்தினார்கள்.

அத்தானும் சிரித்தார். அப்படியான பகிடிகள் அவருக்குப் பழக்கம்.

இடைவேளைக்குப் பிறகு, கோலுக்குப் பின்னால் நின்ற கூட்டம் ஒற்றைக் கையை மட்டும் தலைக்கு மேல் தூக்கியது.

“அரோகரா!”

“ஏரம்பண்ணை, மற்றக் கை நித்திரையோ?”

“இடப்பக்கம் மேலாலை அடியடா! அங்கை ஆளில்லை!”

அத்தான் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். முன்னுக்கு நின்றது அண்ணை. கை மேலே. அத்தான் கண்டுவிட்டார் என்று தெரிந்தும் அண்ணை கையை இறக்கவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் அவர் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்கள். பந்து இடது மேல் மூலையால் உள்ளே போனது. பிறகும் ஒன்று, அதே மூலையால்.

ஆட்டம் முடிந்ததும் புளியங்கூடல் அணித் தலைவர் ஆழ்வாப்பிள்ளை வந்தார். “எங்களுக்கு மறைச்சனீர். கரம்பொனுக்கு மட்டும் சொல்லியிருக்கிறீர், என்ன? இனி வராதையும்.”

அத்தான் எங்கள் வீட்டுப் பக்கம் நடந்தார்.

இரவு வீட்டில் கோழிக்கறி மணத்தது. அண்ணை வழமைபோல எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்தார்.

“விளையாட்டுத்தானே மச்சான். பெடியள் வெல்லவேணுமெண்டு கேட்டாங்கள். வாய் தவறிப்போச்சு.”

“வாய் தவறும். கையுமோ தவறித் தூக்கினது? போம்.”

அக்கா கிட்டப் போனாள். “நீயும் போ,” என்றார். பிறகு குசினி வாசலைப் பார்த்தார். நான் யாரிடமும் எதையும் சொல்லாதவள். என்னையும் அவர் மற்றவர்களைப் பார்த்தது போலத்தான் பார்த்தார்.

அந்தச் சட்டையைக் கழற்ற இன்னொருவர் கை வேண்டும். அவர் யாரையும் கூப்பிடவில்லை. வியர்வை காய்ந்த புளியங்கூடல் சட்டையோடேயே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.