நல்லூர்க் கிணற்றின் மூன்றடி

எண்பதுகளின் இறுதியில் விருத்தாசலம் வட்டாரத்தில், நிலத்தடி நீர்மட்டம் அறிவதற்காக அரசு தெரிந்தெடுத்த உழவர் கிணறுகளை மாதந்தோறும் அளக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. சாக்குக்கட்டி தடவிய எஃகு நாடாவைக் கைப்பிடிச் சுவரின் சிவப்புக் குறியிலிருந்து இறக்குவோம். நனைந்த இடத்தைப் படித்து, சுவரின் உயரத்தைக் கழித்து, தரையிலிருந்து நீர் எத்தனை அடி ஆழம் என்று பதிவேட்டில் எழுதுவோம். இறக்குபவர் உதவியாளர், பல ஆண்டு எண்களை வரைபடமாக்கி, நீர் எங்கே இறங்குகிறது என்று சொல்பவன் நான். அதில் எனக்குப் பெயர் இருந்தது. அப்பெயரை மிகவும் பேணினேன்.

ஓராண்டு, நல்லூர்ப் பக்கத்துக் கிணறு ஒன்றின் கோடு ஒரே மாதத்தில் மூன்றடி சரிந்து, பிறகு அந்தத் தாழ்விலேயே நின்றது. சுற்றியிருந்த கிணறுகளில் அந்தச் சரிவு இல்லை. அதுவே என்னை நிறுத்தியிருக்க வேண்டும். மாறாக, பிறர் காணாததைக் கண்டுவிட்டதாக எண்ணினேன். தரிசாகக் கிடந்த மேட்டு நிலத்தில் இரண்டாவது கிணறு வெட்ட அக்கிணற்றுக்காரர் அனுமதி கேட்டிருந்தார். நீர் விழுகிறது, அனுமதிக்கலாகாது என்று எழுதினேன். மேலதிகாரி என் வரைபடத்தைப் பாராட்டினார். மறுப்பில் கையொப்பமிடும் முன் இடத்தைப் பார்க்க வந்தார்.

கிணற்றுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"தண்ணி எறங்கிப் போச்சுன்னு எழுதிட்டீங்களாமே சார்? ஆபீஸுல ஒக்காந்தே பாத்தீங்களா?"

"மாசாமாசம் அளந்துதான் எழுதியிருக்கு," என்றேன்.

"அப்ப வாங்க, எட்டிப் பாருங்க. போன வருசம் முங்கியிருந்த அதே கல்லுதான் இப்பவும் முங்கியிருக்குது."

சுவரைப் பார்த்தேன். மேற்பகுதி புதியது. பீங்கான் சூளையில் கழித்துப்போட்ட குழாய்த் துண்டுகளை அடுக்கிப் பூசியிருந்தார்கள். உச்சியில் சிவப்புக் குறி.

"இத எப்ப ஒசத்துனீங்க?"

"கன்னுக்குட்டி உள்ள வுழப் பாத்துச்சுங்க. மூணடி ஏத்துனேன். ஒங்க குறி பூச்சுக்குள்ள போயிடுச்சு. வர்றவரு தேடுவாரேன்னு நானே பெயிண்டு வாங்கி மேல போட்டேன். சர்க்காருக்கு நல்லது பண்ணேன் பாருங்க!"

பதிவேட்டில் சுவரின் உயரம் பழைய எண்ணாகவே இருந்தது. நீர் இறங்கவில்லை, சுவர்தான் மூன்றடி ஏறியிருந்தது. மேலதிகாரி என்னைத் தள்ளி அழைத்துச் சென்றார்.

"ஒதவியாளர் தப்பா படிச்சிட்டாருன்னு போட்டுடுங்க. ஒங்க பேரு எதுக்குக் கெடணும்?"

அந்தச் சொல் ஒரு கணம் எனக்கு இனித்தது என்பதை மறைக்க மாட்டேன். பத்தடி தொலைவில் நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்த உதவியாளரின் கை நின்றது. கேட்டுவிட்டது.

சுவரை நானே அளந்தேன். பதிவேட்டை அதன்மேல் விரித்து, அந்த மாதம் முதல் ஒவ்வொரு எண்ணையும் படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோட்டால் அடித்து, திருத்தி எழுதினேன். 'சுவர் உயரத்தைச் சரிபார்க்கத் தவறியவன் நான்' என்று அடியில் கையொப்பமிட்டேன்.

மேலதிகாரி படித்தார். "கெணறு வெட்டிக்கலாம்," என்றார் கிணற்றுக்காரரிடம். அதன்பின், வேறொருவர் சரிபார்க்காமல் என் வரைபடம் எதையும் அவர் ஏற்றதில்லை.