சாமி விளக்கின் வயர்

வேறு எஞ்சின் ஏற்றிய பிக்கப்பை வத்தலக்குண்டுப் பட்டறையிலிருந்து மன்னவனூருக்கு ஓட்டி வந்த அன்று, வழியெல்லாம் நான் பாடிக்கொண்டே வந்தேன். அடிபட்டுக் கிடந்த இன்னொரு வண்டியிலிருந்து கழற்றிய எஞ்சின்தான். என் வண்டியும் ஒன்றும் இளசு இல்லை. கதவை ஓங்கிச் சாத்தினால் துரு உதிரும். என் மனைவி உட்காரும் பக்கத்துக் கதவு உள்ளேயிருந்து திறக்காது, கண்ணாடியும் பாதிக்கு மேல் இறங்காது. ஒவ்வொரு தடவையும் நான் சுற்றிப் போய்த் திறந்துவிட வேண்டும். மகாராணிக்குக் கதவு திறக்க ஓர் ஆள் என்று நானே கேலி செய்துகொள்வேன். ஆனாலும் பழைய எஞ்சின் இரண்டாம் கியரில் மூச்சு வாங்கிய ஏற்றங்களை இது மூன்றாம் கியரில் அலட்டிக்கொள்ளாமல் ஏறியது.

மறுநாள் காலையில் தோட்டத்துக்கு இறங்கினோம். பாட்டு அன்றோடு நின்றது.

எங்கள் குத்தகைத் தோட்டம் ஊரிலிருந்து நல்ல இறக்கத்தில் இருக்கிறது. போகிற பாதை முழுக்க வளைவுகள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. முன்னால் நானும் மனைவியும். பின்னால் கேரட் பிடுங்க வரும் பெண்கள். பெரும்பாலும் சிலோன் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள். என்னைக் கேட்டு அவர்கள் வருவதில்லை. என் மனைவி கூப்பிடுவாள், வருவார்கள். வண்டி கிளம்பியதும் பின்னால் பேச்சும் சிரிப்பும் தொடங்கும், தோட்டம் வரும்வரை ஓயாது.

அன்று மிஸ்ட் என்று நாங்கள் சொல்லும் மூடுபனி நன்றாக இறங்கியிருந்தது. இரண்டாவது வளைவில் எஞ்சின் சட்டென்று நின்றது. டீசல் வண்டியில் எஞ்சின் நின்றால் பிரேக் மிதிக்கும் காலுக்கு பலம் கொடுக்கும் பூஸ்டரும் செத்துவிடும். முதல் மிதி கேட்கும், அடுத்த மிதியில் பெடல் கல்லாகிவிடும். இரண்டு காலையும் வைத்து அழுத்தினேன். வண்டி தன் பாட்டுக்கு இறங்கியது. பிறகு ஒரு உதறு உதறி எஞ்சின் தானே பிடித்துக்கொண்டது. நல்லவேளை, கியரில் இருந்தது. பின்னால் பேச்சு நின்றுபோயிருந்தது. நான் எதுவுமே நடக்காததுபோல மூக்கைச் சொறிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு இதே கதைதான். ஏற்றத்தில் ஒரு தொல்லையும் இல்லை. வெயில் அடிக்கிற நாளில் இறக்கத்திலும் இல்லை. மிஸ்ட் இறங்கிய நாளில் மட்டும் ஏதாவது ஒரு வளைவில் நிற்கும், பிறகு தானாக உயிர் பிடிக்கும். எந்த வளைவு என்று தெரியாததுதான் கொடுமை. வண்டியை நிறுத்திப் போட்டுவிடலாம் என்றால் கேரட் காத்திருக்காது, மண்ணுக்குள்ளேயே வெடித்துப் போகும். வாடகை ஜீப்புகள் அத்தனையும் சீசனுக்காகக் கொடைக்கானலில் கிடந்தன. முதல் கியரில் ஊர்ந்து ஊர்ந்து இறங்கினேன்.

எஞ்சினைக் குறை சொல்ல முடியாது. அது நிற்பதற்குக் காரணம் கரண்ட் என்று எனக்கே தெரிந்துவிட்டது. பழைய எஞ்சினை நிறுத்த ஒரு கம்பியை இழுக்க வேண்டும், கரண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்த எஞ்சினில் டீசல் பம்பின் மேல் சோலனாய்டு என்று சுண்டுவிரல் அளவில் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் கரண்ட் வந்தால் டீசல் போகும், கரண்ட் போனால் எஞ்சின் நிற்கும். பின்னால் அத்தனை பேரை ஏற்றிக்கொண்டு நான் இறங்குவது அந்தச் சுண்டுவிரலை நம்பித்தான்.

கொடைக்கானல் கடைவீதியில் எங்களுக்கெல்லாம் வண்டி வயரிங் பார்க்கும் பாய் ஒருவர் இருக்கிறார். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். ஹாரனை அடித்துப் பார்த்தார், விளக்குகளைப் போட்டுப் பார்த்தார், வைப்பரை ஓடவிட்டார், எல்லாம் வேலை செய்தன. சோலனாய்டைக் கழற்றிச் சோதித்து மாட்டினார், அதுவும் நன்றாகத்தான் இருந்தது. வண்டி நிற்கிற நேரத்தில் என்னென்ன போட்டிருந்தீர்கள் என்று கேட்டார்.

"ஒண்ணுமே போடல பாய். சும்மா எறங்கிட்டு இருந்தேன்" என்றேன்.

அவர் உதட்டைப் பிதுக்கினார். ஈரம் எங்கேயாவது இறங்குகிறதோ என்னவோ என்றார். எனக்கு அது சரியென்று பட்டது. மிஸ்ட் நாளில்தானே நிற்கிறது. வீட்டுக்கு வந்து பானெட்டைத் தூக்கி, கைக்கு எட்டிய வயருக்கெல்லாம் கறுப்பு டேப் சுற்றினேன், பிளாஸ்டிக் பை கட்டினேன். அடுத்த மிஸ்டில் வண்டி மறுபடியும் நின்றது.

இந்தக் கவலை போதாதென்று பின்பலகையின் கொக்கி வேறு. பின்னால் பெண்கள் சாய்ந்து உட்காரும் பலகை அது. ஊரில் நானே கொக்கியை மாட்டிவிட்டு வருவேன், தோட்டத்தில் பார்த்தால் கழன்று தொங்கும். வண்டி குதித்த குதிப்பில் கழன்றுவிட்டது என்று நினைத்து அதை வளைத்து இறுக்கினேன். அப்படியும் கழன்றது. யாராவது விழுந்து தொலைத்தால் யார் பதில் சொல்வது என்று அவர்களிடம் கத்தினேன். எல்லோரும் என் மனைவியின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் கூடையை எடுத்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கிவிட்டாள்.

பிறகு ஒருநாள், இறக்கத்தில் வைத்தே அவள் சொன்னாள்.

"வளைவுக்கு வளைவு சாமி வெளக்கு மங்குதுங்க. அது அணையுறப்பத்தேன் வண்டியும் நிக்குது. எனக்கென்னமோ மனசே சரியில்ல."

ஸ்டியரிங்குக்கு மேலே முருகன் படம் ஒன்று ஒட்டியிருக்கிறது. வண்டி வாங்கியதும் பூஜை போடப் பழனிக்குப் போனபோது அடிவாரத்துக் கடையில் வாங்கியது. படத்தின் காலடியில் சிவப்பாக ஒரு குட்டி விளக்கு. கடைக்காரரே வண்டிக்குள் தலையை விட்டு, சாவி போட்டதும் எரிகிற மாதிரி வயர் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து சாவியைத் திருகினால் முதலில் கண் விழிப்பது முருகன்தான்.

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. இருக்கிற பயம் பத்தாதென்று சகுனம் வேறா. வாயை மூடிக்கொண்டு வரச் சொன்னேன். மூடிக்கொண்டாள். ஆனால் அந்தப் பேச்சு என் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. அடுத்த வளைவில் ரோட்டைப் பார்க்க வேண்டிய கண் படத்துக்குப் போனது. ஹாரனை அழுத்தினேன், பிரேக்கை மிதித்தேன், விளக்கு சோர்ந்து சுருங்கியது. முருகா, மொட்டை போடுகிறேன், அணைந்துவிடாதே என்று மனசுக்குள் கெஞ்சினேன். அன்று அணையவில்லை. தோட்டத்தில் வண்டியை நிறுத்திய பிறகும் இறங்காமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகாராணி கதவைத் தட்டினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த விளக்கும் ஒரு விளக்குதான். அதற்கும் ஒரு வயர் இருக்கிறது.

மத்தியானமே வேலையை முடித்துக்கொண்டு திரும்பினோம். வீட்டு வாசலில் சக்கரங்களுக்குக் கல் கொடுத்தேன். அவளை ஓட்டுகிற சீட்டில் உட்கார வைத்து எஞ்சினை ஓடவிட்டேன். டேஷ்போர்டின் அடித்தகட்டைக் கழற்றிவிட்டு, மல்லாந்து படுத்துத் தலையை உள்ளே நுழைத்தேன். ஹாரன் அடி என்றேன். அடித்தாள். பிரேக்கை மிதி என்றேன். மிதித்தாள். வைப்பரைப் போடு என்றேன். எஞ்சின் பாட்டுக்கு ஓடியது. பாய் கடையில் நடந்தது போலவே எல்லாம் ஒழுங்கு.

"வளைவுல நீங்க மூணையும் ஒண்ணாத்தானங்க செய்வீங்க" என்றாள் அவள்.

அப்படியே கிடந்தேன். மலையில் வண்டி ஓட்டுகிறவன் வளைவில் ஹாரன் அடிப்பதை ஒரு செயலாகவே நினைப்பதில்லை. எதிரே யாராவது வந்துவிடக் கூடாதே என்று கை தானாகப் போகும், கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். மிஸ்ட் இறங்கினால் வைப்பர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பாய் கேட்டதற்கு நான் பொய் சொல்லவில்லை. ஒன்றும் போடவில்லை என்றுதான் மனதார நம்பினேன்.

மூன்றையும் சேர்த்துச் செய் என்றேன். அவள் வைப்பரைப் போட்டு, பிரேக்கை மிதித்து, ஹாரனை அழுத்திப் பிடித்தாள். தலைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் வாடை அடித்தது. எஞ்சின் இருமிவிட்டு நின்றது. சாமி விளக்கு அணைந்துவிட்டது என்று அவள் மேலேயிருந்து மெதுவாகச் சொன்னாள்.

வாடை வந்த இடத்தில் விரலை வைத்தேன், சுட்டது. அடிவாரத்துக் கடைக்காரர் ஹாரன், பிரேக் விளக்கு, வைப்பர் மூன்றுக்கும் போகும் வயரைச் சுரண்டி, அதில் சாமி விளக்கின் நூல் வயரை முறுக்கிவிட்டிருந்தார். ஒரு குட்டி விளக்குக்கு அது தாராளம். எஞ்சின் மாற்றிய பட்டறையில் சோலனாய்டுக்குக் கரண்ட் தேடியிருக்கிறார்கள். சாவி போட்டதும் உயிர் வருகிற வயர் ஒன்று கைக்கு வாகாகத் தொங்கியிருக்கிறது. அதிலேயே கோத்துவிட்டார்கள். அவசரத்தில் இழுத்த இழுப்பில், மூன்றுக்கும் போகும் பெரிய வயரும் அந்த இடத்தில் அறுந்து, இரண்டு மூன்று இழைகளில் நின்றது. மூன்று சாமானும் சேர்ந்து இழுத்தால் சோலனாய்டுக்கு மிச்சம் ஒன்றும் வராது. இத்தனை நாளும் எங்கள் எல்லோருடைய உயிரும் முருகன் காலடியில் கிடந்த நூல் வயரில்தான் தொங்கியிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து போய் வாய்க்கால் ஓரம் வாந்தி எடுத்தேன்.

பெரிய வயரை வெட்டிப் புதிதாக இணைத்தேன். சோலனாய்டுக்குச் சாவியிலிருந்து தனியாக ஒரு தடித்த வயர், தனியாக ஒரு ஃபியூஸ். சாமி விளக்குக்கு இன்னொன்று. முருகனும் எஞ்சினும் ஒரே வயரில் குடித்தனம் நடத்த வேண்டாம் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் மூன்றையும் சேர்த்து அழுத்தினாள், கை வலிக்கும்வரை பிடித்திருந்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மறுநாள் எதிரே வருகிற ஆள் தெரியாத மிஸ்ட். தனியாக ஒரு தடவை இறங்கிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். அவள் கேட்கவில்லை, எப்போதும்போல ஏறி உட்கார்ந்தாள். பெண்களும் ஏறினார்கள். வைப்பர் ஓட, ஒவ்வொரு வளைவிலும் ஹாரனையும் பிரேக்கையும் சேர்த்தே அழுத்தினேன். விளக்கு மங்கவில்லை. கடைசி வளைவைத் தாண்டியதும் அவள் முதுகுப்பக்கத்து ஜன்னல் கண்ணாடியைத் தட்டி, பின்பலகையின் கொக்கியை மாட்டிக்கொள்ளும்படி பெண்களிடம் சொன்னாள்.

கிளம்பும்போதே மாட்டினேனே, அதற்குள் கழன்றுவிட்டதா என்றேன்.

"அது கழலலங்க. நாந்தேன் கழட்டி வைக்கச் சொல்லியிருந்தேன். பிரேக்கு பிடிக்காமப் போச்சுன்னா அவளுக குதிக்கணும்ல. இனிமே வேணாம்."

தோட்டத்தில் வண்டியை நிறுத்தினேன். பின்னால் பெண்கள் பலகையை இறக்கித் திபுதிபுவென்று குதித்தார்கள். அவள் மட்டும் மடியில் கூடையை வைத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். நான் சுற்றிப் போய், உள்ளேயிருந்து திறக்காத அவள் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டேன்.