வெறும் தாளில் ஒரு கையெழுத்து

சிபாரிசுக் கடிதம் எழுதுவது ஒரு விசித்திரமான உத்தியோகம்: எழுதுகிறவன் ஒருவன், கையெழுத்துப் போடுகிறவர் இன்னொருவர், பலன் அடைகிறவர் மூன்றாம் நபர், ஏதாவது தப்பு நடந்தால் மாட்டிக்கொள்கிறவன் மட்டும் எழுதியவன். எண்பதுகளின் நடுவில் பம்பாய்த் தாராவியில் ஜமால் பாயிடம் நான்கு மாதம் அந்த வேலை பார்த்தேன். அரசியல்காரர் யாரிடமாவது குமாஸ்தாவாக இருந்தவர்களுக்கு என் நிலைமையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஜமால் பாய் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். குடியிருப்போர் சங்கம் ஒன்றுக்கும் அவர்தான் தலைவர். அந்த வருஷம் முனிசிபாலிட்டித் தேர்தலில் சுயேச்சையாக நிற்கத் தீர்மானித்து, ஆங்கிலம் டைப் அடிக்கத் தெரிந்த ஆள் தேடினார். எனக்கு அப்போதுதான் பி.காம். முடிந்திருந்தது. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அப்பா வேலை பார்த்த தோல் பதனிடும் கூடத்தைத் தாராவியை விட்டே மாற்றப் போகிறார்கள் என்று பேச்சு. நிரந்தர வேலை ஒன்று எனக்குக் கிடைத்தே ஆக வேண்டும். அதுவரை பாயிடம் டைப் அடிக்கலாம் என்று சேர்ந்தேன். பாய் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ‘பீகாம்’ என்றுதான் கூப்பிடுவார்.

தள்ளிக்கொண்டு போன ஜீப்

இதை நான் பார்க்கவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சேர்வதற்கு முந்திய வாரம் நடந்தது. பட்டறைக்கு எதிரே தையல் கடை வைத்திருந்த மாரியப்பன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

செம்பூரில் ஒரு ரசாயனக் கம்பெனி. எங்கள் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருந்த காலி மைதானத்தில் தன் டேங்கர் லாரிகளை நிறுத்த அனுமதி கேட்டுக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்துப் பெரிய மனிதர்கள் ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதிக் கொடுத்தால் காரியம் சுலபமாக முடியும். அதனால் தேர்தலில் நிற்கப் போகிற ஒவ்வொருவர் வாசலிலும் கம்பெனி ஆள் ஒரு ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். மற்றவர்கள் அன்றைக்கே கொடி கட்டினார்கள். ஜமால் பாய் மட்டும், கம்பெனி பெட்ரோல் ஒரு சொட்டுக்கூடத் தன் பேரில் எரியக் கூடாது என்று, பட்டறை ஆட்களைக் கூட்டிக்கொண்டு செம்பூர் வரை ஜீப்பைக் கையால் தள்ளிக்கொண்டே போய் விட்டுவிட்டு வந்தாராம்.

“நானும் கை கொடுத்தேன் தம்பி” என்றார் மாரியப்பன். “சயான் ஏத்தத்துல மூச்சு முட்டிப்போச்சி. ‘ஏன் பாய், நேர்மைக்கு ஒரு தள்ளுவண்டி கெடையாதா’ன்னு கேட்டுட்டேன்.”

இருபது தாள்

நான் சேர்ந்த அன்றே என் கையில் இருபது தாள்கள் வந்தன. சங்கத்தின் பெயர் அச்சடித்த லெட்டர்பேடு. எல்லாம் வெறும் தாள். ஒவ்வொன்றின் அடியிலும் ஜமால் பாயின் தமிழ்க் கையெழுத்து. பட்டறையில் கத்தி பிடித்தால் பாய் நடுவில் எழுந்து வர மாட்டார், தோல் எண்ணெய் பட்ட கையால் தொட்டால் கடிதமும் வீணாகும். அதனால் காலைத் தொழுகை முடிந்து வந்ததும் இருபது கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவார். ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூட அட்மிஷன், எது கேட்டு யார் வந்தாலும் விஷயத்தைக் கேட்டு நான் மேலே டைப் அடித்துக் கொடுக்க வேண்டியது.

“பாய், நான் ஏதாவது தப்பா அடிச்சிட்டா?” என்றேன். “அதுக்குத்தானலே பீகாம் படிச்ச ஆளா வச்சிருக்கேன்” என்று அவர் பட்டறைக்குள் போய்விட்டார்.

ரேஷன் கார்டில் மருமகளைச் சேர்க்க வந்த ஒரு அம்மாள் நான் தாளை மெஷினில் செருகுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: “மொதல்ல கையெழுத்து, பொறவுதான் விசயமா? எங்க வீட்டுக்காரரு கல்யாணத்துக்குச் சம்மதிச்சதும் இப்படித்தான்.”

பத்தொன்பது

நான் பயந்த சுபாவம். சாயங்காலம் கிளம்புவதற்கு முன், அடித்த கடிதங்களின் நகலையும் மிச்சத் தாள்களையும் எண்ணிப் பார்ப்பேன். ஒருநாள் ஒன்று குறைந்தது. மேஜைக்கு அடியில், குப்பைக் கூடையில், டைப்ரைட்டருக்குள் கூடத் தேடினேன். அதற்குள் மனசில் கோர்ட்டு வரை போய் வந்துவிட்டேன். அந்தத் தாளில் யாரோ பாயின் பட்டறையையே எழுதி வாங்கிக்கொண்டு, நான் கூண்டில் ஏறி நின்று, அப்பா கீழே தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

பட்டறைக்குப் பின்னால்தான் பாயின் வீடு. அவர் மனைவி மைமூன் அக்காவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அக்கா கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. பையனுக்கு வயிற்றுவலி என்று பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர் எழுத அவர்தான் காலையில் ஒரு தாளை எடுத்திருந்தார்.

“தகப்பன் கையெழுத்து வேணுமுன்னு வாத்தியார் கேக்காரு. அவரு கையெழுத்துதான் ரெடியா கெடக்கே. ஊருக்கெல்லாம் ஒதவுது, அவரு பிள்ளை வயித்துவலிக்கு ஒதவக் கூடாதா?”

எல்லோருக்கும் சமம்

அந்தச் செம்பூர்க் கம்பெனிக்கு நானும் ஒரு விண்ணப்பம் போட்டிருந்தேன். பாயிடம் சேர்வதற்கு முன்பே போட்டது, இன்டர்வியூவும் முடிந்திருந்தது. ஜீப் விஷயம் தெரிந்த பிறகும் அதை நான் வாபஸ் வாங்கவில்லை. வாங்கியிருக்க வேண்டும் என்று இப்போது சொல்வது சுலபம்.

ஒருநாள் கம்பெனி அதிகாரி வைத்தியநாதன் சார் என்னை மாட்டுங்காவில் ஒரு ஓட்டலுக்கு வரச் சொன்னார். பாலக்காட்டுக்காரர், மரியாதையான மனிதர். காபியை அவரே ஆற்றி என் பக்கம் நகர்த்தி வைத்தார். மற்ற வேட்பாளர்கள் எல்லோரும் ‘ஆட்சேபணை இல்லை’ கடிதம் கொடுத்துவிட்டார்கள், ஜமால் பாய் ஒருவர்தான் பாக்கி என்றார். பாய் வெறும் தாளில் கையெழுத்துப் போட்டு வைப்பது அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. “ஒரே ஒரு தாள். விஷயத்தை நாங்களே டைப் பண்ணிப்போம். நீங்க எதையும் எழுத வேண்டாம், பொய் சொல்ல வேண்டாம். உங்க அப்ளிகேஷன் என் டேபிள்லதான் இருக்கு. அடுத்த மாசமே ஆர்டர் அடிச்சுடலாம்.”

“சார், இது லஞ்சம் இல்லையா?” என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருவதுபோல் சொன்னார்:

“லஞ்சம்கிறது ஒருத்தருக்கு மட்டும் கொடுக்கறது மிஸ்டர். எங்க கம்பெனி கட்சி வித்தியாசம் பார்க்கறதில்லை, எல்லாருக்கும் சமமாக் கொடுக்கறது.”

செம்பூர் கேட்

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் அப்பா, கூடத்தில் பாதிப் பேருக்குக் கணக்கு முடித்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு, சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. மறுநாள் ஒரு தாளை எடுத்தேன். மடித்தால் கசங்கும் என்று, என் பட்டச் சான்றிதழ் இருந்த ஃபைலுக்குள், அதற்கு நேர் கீழே வைத்தேன். சயானில் ரயில் ஏறி, குர்லாவில் மாறி, செம்பூர் போனேன்.

கேட்டில் வாட்ச்மேன் சுடலைமுத்து அண்ணாச்சி. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆள் என்பது “எங்கடே போற?” என்ற முதல் கேள்வியிலேயே தெரிந்தது. வைத்தியநாதன் சாரைப் பார்க்க வேண்டும் என்றேன். உள்ளே போக ஏதாவது கடுதாசி வேண்டும் என்றார். ஃபைலைத் திறந்தேன். பட்டத்தை எடுக்கும்போது அடியில் இருந்த தாளும் சேர்ந்து வந்தது. அதை வாங்கி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார். தலைப்பைப் படித்தார். கீழே கையெழுத்தைப் படித்தார். நடுவில் ஒன்றும் இல்லை. என் முகத்தைப் பார்த்தார். என் முகத்தில் எல்லாம் இருந்திருக்க வேண்டும்.

“வெறும் தாள்ல ஒருத்தரு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காருன்னா, ஒண்ணு அவரு முட்டாளா இருக்கணும், இல்ல ஒன்னைய நம்பியிருக்கணும். இந்த ஆளு முட்டாளு இல்லன்னு எனக்குத் தெரியும். நீ உள்ள போறியாடே, இல்ல வந்த வழியே போறியா?”

கையெழுத்துக்கு மேலே

வந்த வழியே போனேன். பட்டறையில் பாய் தரையில் உட்கார்ந்து தோல் வெட்டிக்கொண்டிருந்தார். தாளை அவர் முன்னால் வைத்தேன். காபியிலிருந்து கேட் வரைக்கும் ஒன்றையும் விடாமல் சொன்னேன். இந்த வேலையும் போயிற்று, அந்த வேலையும் போயிற்று என்று சொல்லும்போதே தெரிந்தது.

பாய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பகல் நேரத்தில் பேனா எடுத்தார். அந்தத் தாளையே தொடையில் வைத்து, தன் கையெழுத்துக்கு மேலே நிதானமாக எழுதினார். எழுதி முடித்து நீட்டினார். வேலை தேடும்போது காட்டுவதற்கு எனக்கு ஒரு நன்னடத்தைச் சான்று. ‘இந்தத் தம்பியை எனக்குத் தெரியும். நேர்மையானவர்’ என்று இருந்தது.

“நேர்மைன்னு போடாதீங்க பாய். எடுத்துக்கிட்டுப் போனேன்ல” என்றேன். அவர் தாளைத் திரும்ப வாங்கி, ‘நேர்மையானவர்’ என்பதை அடித்துவிட்டு ஏதோ எழுதிக் கொடுத்தார். ‘எடுத்ததைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பவர்.’

“இது சரியால பீகாம்? இதுல ஒண்ணும் பொய் இல்லியே?”

வரிசை

மறுநாளிலிருந்து பாய் வெறும் தாளில் கையெழுத்துப் போடுவதை நிறுத்தினார். என்மேல் சந்தேகப்பட்டு இல்லை; ‘உன் வயித்துல நெருப்பைக் கட்டிட்டேன்லே’ என்று அவர்தான் வருத்தப்பட்டார். ஆனால் அதனால் பட்டறை வாசலில் வரிசை நீண்டுவிட்டது. ஒவ்வொரு கடிதத்தையும் நான் ஆங்கிலத்திலிருந்து தமிழில் சொல்ல, அவர் இரண்டு தரம் கேட்டு, கைகழுவி வந்து கையெழுத்துப் போட வேண்டும். தேர்தல் நெருங்கும் சமயத்தில் எந்த வேட்பாளரும் செய்யத் துணியாத காரியம் இது.

தோற்றுப்போனார். ஜெயித்தவரின் ஊர்வலத்துக்கு முன்னால் கம்பெனி ஜீப் போயிற்று. மைதானத்தில் டேங்கர்கள் வந்து நின்றன. பாய் கடைசி வரை கடிதம் கொடுக்காததால் குழாய் இருந்த மூலை மட்டும் தப்பியது. கம்பெனியிலிருந்து எனக்கு வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் வந்தது, அழகான டைப். தேர்தல் முடிந்தும் பாய் வீட்டு வாசலில் கடிதத்துக்கு ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். மருமகள் ரேஷன் கார்டுக்காக வந்த அந்த அம்மாள், இந்தத் தடவை பேரன் அட்மிஷனுக்காகக் காத்துக் காத்துக் கால் கடுத்துப்போய்ச் சொன்னாள்:

“தோத்த மனுசனே இம்புட்டு நேரம் காக்க வைக்காரு. ஜெயிச்சிருந்தா நாம எல்லாரும் இங்கனயே குடித்தனம் பண்ணியிருக்கணும்.”

வண்டி ரிஜிஸ்டர்

மாட்டுங்காவில் ஓர் ஆடிட்டரிடம் வேலைக்குப் போய் நின்றேன். பட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். பாயின் சான்றை, அடித்தல் திருத்தலோடு, மூன்று தரம் படித்தார். “பி.காம். தினம் நாலு பேர் கொண்டு வரா. இந்த மாதிரி ஒரு வரியை இதுவரைக்கும் யாரும் கொண்டு வரலை. நாளைக்கு வந்துடு” என்றார். அப்பாவின் கூடம் இடம் மாறியபோது, அவர் தட்டைக் கழுவத் தேவையில்லாத அளவுக்கு எனக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தது.

இரண்டு வருஷம் கழித்து ஆடிட்டர் என்னை அதே செம்பூர்க் கம்பெனிக்கு அனுப்பினார். பழைய வண்டி ரிஜிஸ்டர்களைச் சரிபார்க்கும் வேலை. அந்தத் தேர்தல் சமயத்துப் பக்கங்கள் வந்தபோது என் விரல் நின்றது. தாராவிக்குப் போன ஜீப் ஒன்று அன்றைக்கே திரும்பியிருந்தது. போகும்போது பெட்ரோல் அரை டாங்கி. வரும்போது முழு டாங்கி. ஓட்டி வந்தவர் கையெழுத்து தமிழில் இருந்தது. அந்தக் கையெழுத்தை நான் தூக்கத்திலும் அடையாளம் சொல்வேன்.

கேட்டுக்கு ஓடினேன். சுடலைமுத்து அண்ணாச்சி இன்னும் அங்கேதான் இருந்தார். தள்ளிக்கொண்டா வந்தார்கள் என்று கேட்டேன். “யாருடே சொன்னா? தனியா ஓட்டிக்கிட்டு வந்தாரு. வழியில பெட்ரோல் வேற ரொப்பியிருக்காரு. எதுக்குப் பாய்னு கேட்டேன். ‘தாராவியிலேர்ந்து இங்க வர எம்புட்டு செலவாச்சின்னு எனக்குக் கணக்குத் தெரியல, அதான் முழுசா ஊத்திட்டேன்’னாரு.”

மாரியப்பன் மூச்சு முட்டத் தள்ளிய அந்த ஜீப், ரிஜிஸ்டரின்படி, பட்டறை ஆட்கள் யாரும் இல்லாமல் முழு டாங்கியோடு தன் சொந்த எஞ்சினில் ஓடி வந்து சேர்ந்தது.