அம்மா தடவிய விளக்கெண்ணெய்

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கோபம் மூக்குக்கு மேல்தான். அப்பாவுக்கு அது கையிலும் இருந்தது. மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரிக் காய்த்த கை. அதிகம் வாங்கியவள் அம்மா.

இரண்டாயிரத்து நாலில்தான் ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பெண்களுக்கும் மல்யுத்தம் வைத்தார்கள். டிவியில் ஒருத்தி இன்னொருத்தியைத் தூக்கிப் போட்டதைப் பார்த்ததும் எனக்கு வேறெதுவும் வேண்டாம் என்றாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பழக ஆரம்பித்தேன். "பொட்டப்புள்ளைக்கு என்னாடி குஸ்தி?" என்று அப்பா என்னை அடித்தார். அனுப்பியதற்காக அம்மாவையும் அடித்தார். மறுவருடம் விழுப்புரத்தில் தேர்வுப் போட்டி. ஜெயித்தால் சென்னையில் விடுதியும் பயிற்சியும். தோற்றால் படிப்பும் கிடையாது, உப்பளம்தான் என்று அப்பா சொல்லிவிட்டார்.

லீவு நாளெல்லாம் உப்பு வாரி என் கையில் ஏகப்பட்ட வெடிப்பு. போட்டிக்குக் கிளம்பும்போது, துணைக்கு வந்த அம்மா விரலிலிருந்து தோள்வரை விளக்கெண்ணெய் தடவிவிட்டாள். அளத்தில் இறங்குமுன் தினமும் செய்கிற காரியம், இரண்டு பேருக்குமே தப்பாகத் தோன்றவில்லை. விழுப்புரத்தில் நடுவர் என் கையைத் தொட்டுப் பார்த்து முறைத்தார். "எண்ணெய் பூசிட்டு வந்தா எப்படி புடிப்பாங்க? போய் சோப்பு போட்டுக் கழுவு, இல்லன்னா வெளிய போ."

குழாயடியில் தேங்காய் நாரால் தேய்த்தேன். வெடிப்பெல்லாம் வாய் பிளந்தன. ஆட்டம் தொடங்கியதும் எதிராளி என் மூக்கில் நெற்றியால் இடித்தாள். அவள் இடுப்பைக் கட்டித் தூக்கிப் போட்டேன். புள்ளியில் நான்தான் முன்னால். ஆனால் என் கை ரத்தம் அவள் உடம்பெல்லாம். துணி சுற்றியும் நிற்கவில்லை. ரத்தம் நிற்காவிட்டால் ஆட்டம் இல்லை என்று அவள் கையை உயர்த்திவிட்டார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் அம்மா பக்கத்தில் உட்காராமல் தனியாகப் போய் உட்கார்ந்தேன்.

அப்பா அளத்து வரப்பில் நின்றிருந்தார். விஷயம் தெரிந்ததும், "கையக் கிழிச்சுக்கிட்டு வந்து நிக்கிறா, இனி எப்படி உப்பு வாருவா? எல்லாம் உன்னாலதான்டி" என்று அம்மாவின் முடியைப் பிடித்து வாயில் அறைந்தார். மறுபடி கை ஓங்கியபோது நான் குனிந்து அவர் இரண்டு காலையும் வாரினேன். சேற்றில் மல்லாந்து விழுந்தார். மார்மேல் ஏறித் தோளைத் தரையோடு அழுத்தினேன்.

"இனிமே அம்மாவ அடிப்பியா?"

"விடுடி, மூச்சு முட்டுது."

விடவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

முதுகில் சுரீரென்று ஓர் அடி விழுந்தது. கையில் கழியோடு அம்மா நின்றிருந்தாள், உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. "பெத்த அப்பன் மேலயா ஏறி உக்காருவ?" என்று மறுபடி ஓங்கினாள். அந்தக் கையை மடக்க எனக்கு ஒரு நொடி போதும். மடக்கவில்லை. அப்பாவை ஒரு நாளும் திருப்பி அடிக்காத அம்மா, அன்று கை ஓயும்வரை என்னை அடித்தாள்.